ஏலத்தில் எடுத்த மிலிட்டரி ஸ்டாலியன், குவாரி வேலைக்கு: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

குவாரி_பர்கூர்:
அசோக் லேலண்ட் ஸ்டாலியன் மார்க் 3 லாரி, ஃபோர் பை ஃபோர் (நாலு வீலும் இழுக்கும்). ஏலத்தில் எடுத்தது. சில வருஷம் யார்டில் ஓடாமல் நின்ற வண்டி. ஜெகதேவி பக்கம் கிரானைட் குவாரி வேலைக்குத் தயார் பண்ணணும். திட்டம் இதுதான்: பின்னால் டபுள் வீல் போட்டு, ஸ்பிரிங்கில் ரெண்டு மூணு பட்டை சேர்த்து, 12 டன் பிளாக் ஏத்துற மாதிரி ஆக்குறது. இல்லைன்னா 6000 லிட்டர் தண்ணி டேங்கர். எதிலிருந்து ஆரம்பிக்கணும்? பேட்டரி மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டு மத்ததை யோசிக்கலாமா?

சூளகிரி பட்டறை:
தம்பி, பேட்டரியை மாட்டிடாதீங்க. நின்ன வண்டி கெடுறதே முதல் ஸ்டார்ட்லதான்.

முதலில் டேங்கை மொத்தமா காலி பண்ணுங்க. பழைய டீசல் அடியில் தண்ணியும் பிசினும் கட்டியிருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, ரெண்டு ஃபில்டரையும் புதுசு போடுங்க. அடுத்தது டீசல் பம்ப். பம்பின் பக்க மூடியைத் திறந்து ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற தண்டு) ரெண்டு பக்கமும் விரலால் தள்ளினா நகருதான்னு பாருங்க. ஃபுல் டீசல் பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்தா, இன்ஜின் பிடிச்ச உடனே ரெய்ஸ் தானா ஏறிக்கிட்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது. கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வர்றது அப்படித்தான். ராக் இறுகியிருந்தா பம்பைக் கழற்றி பம்ப் கடைக்கு அனுப்புங்க. மேலே டீசலை ஊத்தித் தட்டிச் சரி பண்ற வேலை வேண்டாம்.

நாசிலைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் 15, 20 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. மறுநாள் கிராங்க் புல்லியில் பார் போட்டுக் கையால் ரெண்டு முழுச் சுத்து. எங்கேயாவது முட்டினா நிறுத்திடுங்க, வால்வு கைடு இறுகியிருக்கும். லேசா சுத்தினா, புது ஆயில், புது ஆயில் ஃபில்டர். நாசில் இல்லாமலே செல்ஃப் அடிங்க, ஆயில் பிரஷர் ஏறுற வரைக்கும். ஒரு தடவைக்கு 10 செகண்ட், நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. பிரஷர் வந்த பிறகுதான் நாசிலை மாட்டணும்.

முதல் ஸ்டார்ட் அன்னைக்கு ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றி விட்டு, ஒருத்தர் கையில் பிளைவுட் பலகையோடு நிக்கணும். ரெய்ஸ் பிடிச்சுக்கிட்டா இன்டேக் வாயில் பலகையை வெச்சு மூடினா இன்ஜின் அணையும். துணி வேண்டாம், உள்ளே இழுத்துக்கும். கை வைக்கவே கூடாது.

கணக்கு_29:
ஸ்டார்ட் விஷயத்தில் அண்ணன் சொன்னதுக்கு மேல் ஒன்றும் இல்லை. 12 டன் திட்டத்துக்கு வருவோம்.

நம் பக்கத்துக் கல் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். கறுப்புக் கல் என்றால் 3 டன்னை ஒட்டி வரும். 2.4 × 1.5 × 1.2 மீட்டர் பிளாக் 4.32 கன மீட்டர், அதாவது 11.7 டன். அது ஒரே கல். மணலைப் போல் பரவி உட்காராது, ரெண்டு கட்டை மேல்தான் மொத்த எடையும் நிற்கும். இந்த வண்டிக்கு ராணுவம் வைத்த பெயரே 5/7.5 டன்: காட்டு வழியில் 5, ரோட்டில் 7.5. பட்டை சேர்த்தால் அந்த எண் மாறாது. ஸ்பிரிங் சாயாது, அவ்வளவுதான். ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு), ஹப் பேரிங், டிரம், கிரௌன் பினியன், சேஸிஸ் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கும். முதலில் ஸ்பிரிங் சாய்ந்து எச்சரிக்கை தந்தது. பட்டை சேர்த்தபின் எச்சரிக்கை இல்லாமல் ஹவுசிங் வளையும்.

எதைச் செய்யும் முன்பும், வெறும் வண்டியை வே பிரிட்ஜில் முன் ஆக்ஸில் தனியாக, பின் ஆக்ஸில் தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். அது இல்லாமல் பேசுவதெல்லாம் குத்துமதிப்பு.

குவாரி_பர்கூர்:
ஆனா டபுள் வீல் போட்டு ஓட்டுறாங்களே அண்ணா. 12.00-20 சிங்கிளுக்குப் பதிலா 10.00-20 நாலு போட்டா தாங்கும் இல்லையா? அந்த டயர் பழசு நிறையக் கிடைக்குது.

கணக்கு_29:
டயர் தாங்கும். 12.00-20, 18 பிளை சிங்கிள் ஒன்று சுமார் 3.75 டன், அதனால் ஆக்ஸிலுக்கு 7.5. 10.00-20, 16 பிளை ஜோடியாகப் போட்டால் ஒவ்வொன்றும் 2.7 டன் சொச்சம், நாலுக்கு 10.9. காகிதத்தில் 3.4 டன் லாபம்.

உதை வாங்குவது டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர் பாக்ஸ் சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரிக்கும் பெட்டி. 12.00-20 டயரின் விட்டம் சுமார் 1120 மில்லிமீட்டர், 10.00-20 சுமார் 1050. ஆறு சதவீத வித்தியாசம். முன்னால் பழைய டயர், பின்னால் சின்ன டயர் என்று போட்டு, முன் ஆக்ஸிலைச் சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பின் ஜாயின்ட் (ஆக்ஸிலுக்குப் போகும் சுழல் தண்டு) முன் ஜாயின்ட்டைவிட ஆறு மீட்டர் தூரத்துக்கான சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டையும் ஒன்றாகப் பூட்டியிருக்கிறது. இடையில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஈர மண்ணில் டயர் சறுக்கித் தப்பிக்கும். பாறைத் தரையில் ஜாயின்ட் முனையில் உள்ள கிராஸ் உடையும், இல்லை டிரான்ஸ்ஃபர் கேஸ் பல் போகும். டபுள் வீலோடு ஓட்டுகிறவர்களில் பலர் முன் ஜாயின்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். அப்புறம் எதற்கு ஃபோர் பை ஃபோர்? 12 டன் கல் ஏற்றத்தான் வேண்டும் என்றால் பழைய டாரஸ் (லேலண்டின் கனரக லாரி) ஒன்றைப் பாருங்கள், அதற்காகவே செய்த வண்டி.

டயர் அளவு ஒன்றாக இருந்தாலும் தேய்மானம் கவனியுங்கள். முன்னும் பின்னும் சுற்றளவை நூல் போட்டு அளந்து, ஒரு சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் முன் ஆக்ஸிலை விடுவிக்க வேண்டும். லீவர் வராமல் இறுகிக்கொண்டால் சுத்தியலால் அடிக்காமல், நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், கழன்றுவிடும்.

சூளகிரி பட்டறை:
கணக்கு சார் சொல்றது சரி. இது சுமக்கிற வண்டி இல்ல, இழுக்கிற வண்டி. அப்படி நினைச்சு வேலை கொடுத்தா பத்து வருஷம் உழைக்கும். கம்ப்ரஸரை இழுத்துக்கிட்டு மேல் பெஞ்சுக்குப் போறது, டீசல் பவுசர், தண்ணி, சேத்துல மாட்டின டிப்பரை இழுக்கிறது, இதெல்லாம் சிவில் லாரி செய்ய முடியாத வேலை.

கணக்கு_29:
எண்ணில் போட்டால் தெளிவாகத் தெரியும். வண்டி 9 டன் (முன் 4, பின் 5) என்று வைப்போம், பின்னால் 6 டன் டிரெய்லர், மொத்தம் 15 டன். குவாரி ஏற்றம் 12 சதவீதம். ஏற்றத்துக்கு 1.8 டன் இழுவை, மண் பாதையின் உருளல் தடைக்கு 3 சதவீதம், அதாவது 0.45 டன். மொத்தம் 2.25 டன்.

காய்ந்த கிராவலில் பிடிப்பு 0.5 என்றால் பின் வீல் மட்டும் 5 × 0.5 = 2.5 டன் இழுக்கும். போதும். மழை பெய்து பிடிப்பு 0.3 ஆனால் பின் வீலுக்கு 1.5 டன்தான், வீல் சுற்றும், வண்டி நகராது. நாலு வீலும் சேர்ந்தால் 9 × 0.3 = 2.7 டன். ஏறிவிடும். மழைக் காலத்தில் இந்த வண்டி சம்பாதிப்பது இந்த வித்தியாசத்தில்தான். முன் ஜாயின்ட்டைக் கழற்றுவது சம்பாத்தியத்தைக் கழற்றுவது.

சங்ககிரி பாடி:
டேங்கர் பற்றி. 6000 லிட்டர் தண்ணீர் 6 டன், தொட்டி, சப்-பிரேம், பம்ப் சேர்த்து இன்னும் ஒரு டன் தாண்டும். குவாரி மண் பாதையில் 5 டன் வண்டிக்கு 7 டன் அதிகம். 4000 லிட்டரில் நிறுத்துங்கள்.

மிலிட்டரி சேஸிஸ் வேண்டுமென்றே முறுக்கிக்கொள்ளும்படி செய்தது. ஒரு சக்கரம் மேட்டில், ஒன்று பள்ளத்தில் என்றால் பிரேம் வளைந்து கொடுக்கும். அதன் மேல் வளையாத உருளைத் தொட்டியை எட்டு இடத்தில் இறுக்கிப் போல்ட் போட்டால் சில மாதத்தில் தொட்டியின் காலடி வெல்டிங் விடும், இல்லையென்றால் கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் விரிசல் விடும். மூன்று புள்ளியில் நிறுத்துங்கள்: பின் ஆக்ஸில் பக்கம் ரெண்டு உறுதியான தாங்கி, முன்னால் நடுவில் ஒரே ஒரு முளைத் தாங்கி. அது முறுக்கலை விட்டுக்கொடுக்கும். சாதாரணத் தட்டுப் பாடி என்றால் முன் பக்க யூ போல்ட்டுகளில் ஸ்பிரிங் வைத்து மாட்டினாலே போதும்.

சேஸிஸ் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள். வளையும்போது இழுவை முழுக்க அந்த விளிம்பில்தான். துளை வேண்டும் என்றால் நடுச் சுவரில், டிரில்லால் போட்டு, ஓரத்தை ராவி விடுங்கள். கேஸால் ஊதிய துளையில் விரிசல் தொடங்கும். தொட்டிக்குள் குறுக்குத் தடுப்பு மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும், நெடுக்குத் தடுப்பு ஒன்று நடுவில். நிறைந்த வண்டியைவிடப் பாதித் தண்ணீரோடு திரும்பும் வண்டிதான் எளிதில் கவிழும்.

தொப்பூர்_இறக்கம்:
எல்லாரும் ஏத்தத்தையே பேசுறீங்க. இறக்கம்?

15 டன் வண்டி 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் 8.8 மெகாஜூல் சூடு. இன்ஜின் பிரேக் இல்லாமல் பெடலிலேயே இறக்கினால் அத்தனையும் டிரம்முக்குள் போகும். டிரம் ஒன்று 45 கிலோ என்று வைத்தால் நாலும் சேர்ந்து நூறு டிகிரி அளவுக்கு ஏறும். அது ஒரே ஒரு இறக்கம். ஆறுவதற்குள் அடுத்த டிரிப் என்றால் மூன்றாவது, நான்காவது டிரிப்பில் லைனிங் பிடிக்காது. தொப்பூர் கணவாயில் இரட்டைப் பாலத்துப் பக்கம் நடக்கிற விபத்துகளும் இதே கதைதான்: தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போடுகிறார்கள், அப்புறம் பெடலில் ஏறி நிற்கிறார்கள். ஏறுகிற கியரிலேயே இறங்கணும், குவாரியில் லோ ரேஞ்சிலேயே (டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான கியர்). எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யுதான்னு பாருங்க. நின்ற வண்டியில் அந்த வால்வு துருப்பிடித்து ஒட்டியிருக்கும்.

பிரேக்கில் ரப்பர் எதையும் நம்பாதீங்க. ஓட்டம் கம்மி, ஆனா வயசு அதிகம். எல்லா ஹோஸும், எல்லா சேம்பர் டயாப்ரமும், வால்வு கிட்டும் மொத்தமா மாத்துங்க. ஸ்பிரிங் பிரேக் சேம்பர் இருந்தா பின் பக்கக் கிளாம்பைக் கழற்றவே கூடாது. உள்ளே இறுக்கி வெச்ச ஸ்பிரிங் வெளியே வந்தா ஆள் உயிர் போகும். ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டுற போல்ட் போட்டு, சேம்பரை அப்படியே முழுசா இறக்கி மாத்துங்க. பிறகு டெஸ்ட்: ஏர் ஃபுல்லா ஏத்தி, இன்ஜினை அணைச்சு, பெடலை மிதிச்சபடி மூணு நிமிஷம். முள் அரை பார் இறங்கினாலும் எங்கோ லீக். சோப்புத் தண்ணியோட ஒவ்வொரு ஜாயின்ட்டா தேடுங்க. ஏர் டேங்கைத் தினமும் வடிக்கணும். தண்ணி போய் வால்வில் உட்கார்ந்தா பிரேக் ஒட்டிக்கும்.

டிரெய்லர் இழுக்கப் போறீங்கன்னா டிரெய்லருக்கும் தனி ஏர் பிரேக். இதில் பேச்சே இல்லை.

சூளகிரி பட்டறை:
பிரேக்கோட சேர்ந்த இன்னொரு விஷயம், பிரீதர். ஹவுசிங் மேல சின்ன மூச்சுக் குழாய் இருக்கும். குளவி கூடு கட்டியிருக்கும், இல்ல சேறு அடைச்சிருக்கும். அது அடைச்சா, ஓடி சூடாகும்போது உள்ளே பிரஷர் ஏறி ஆயில் சீலைத் தள்ளும். ஆயில் ஹப் வழியா லைனிங்ல இறங்கும். சீல் கெட்டுச்சுன்னு திரும்பத் திரும்ப மாத்துவாங்க, காரணம் மேல இருக்கும். தண்ணியில இறங்கினா எதிர்மாறு: சூடான ஹவுசிங் குளிர்ந்து தண்ணியை உள்ளே இழுக்கும். ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தா அதுதான். பிரீதரை ஹோஸ் போட்டு கேபின் உயரத்துக்கு ஏத்திடுங்க.

முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, கையால் வீலைச் சுத்துங்க. டக் டக்னு சத்தம் வந்தா வீல் பக்கத்து ஜாயின்ட் தேய்ஞ்சு போச்சு. இன்ஜின் சாமான் பிரச்சினை இல்ல, லேலண்டோட ஹினோ வழி இன்ஜின், ஓசூரில் நிறைய கிடைக்கும். முன் ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ் சாமான்தான் தேடணும். அதனால அந்த ரெண்டையும் உடைக்காம வெச்சுக்கிறதே பெரிய மிச்சம். பழைய ராணுவ லாரி சக்திமானா இருந்தா இன்ஜினுக்கே அலையணும், ஜபல்பூரில் 1996-லயே நிறுத்திட்டாங்க.

காவேரிப்பட்டணம் ஏர்:
கல் தூசியை யாரும் சொல்லலையே. கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் இருக்கு, இரும்பைவிடக் கடினம். ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு கிளிப் தளர்ந்தாலும் போதும், ரிங் போயிடும், பிளோ பை அடிக்கும், அதாவது எரிஞ்ச கேஸ் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். ஹோஸ் உள்பக்கம் விரல் விட்டுத் துடைத்துப் பாருங்க. தூசி ஒட்டினா ஃபில்டரைத் தாண்டி வருதுன்னு அர்த்தம். முன்னால் ஒரு சைக்ளோன் பிரீ கிளீனர் மாட்டுங்க. எலிமென்ட்டைத் தரையில் தட்டாதீங்க, மடிப்பு கிழியும். ரேடியேட்டரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமா மெதுவாத் தண்ணி அடிச்சுக் கழுவணும். லோ ரேஞ்சில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க் காற்றே கிடையாது, ஃபேன் மட்டும்தான். சித்திரை வெயிலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுறது தீர்வு இல்லை. ஃபேன் கூண்டு உடைஞ்சிருக்கா, பெல்ட் வழுக்குதான்னு பாருங்க.

பாலக்கோடு 24:
வயரிங் 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையில். பாட்டுப் பெட்டிக்கும் ஃபோன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுக்காதீங்க. ஒன்று காலியாகும், மற்றொன்று ஓவர் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். 24-க்கு 12 கன்வெர்ட்டர் வாங்குங்க. பேட்டரி மாத்தினா ரெண்டையும் ஒரே நாளில், ஒரே ஆம்பியர். லைட் எரியலைன்னு வயரை வெட்டுற முன் லைட் சுவிட்சைப் பாருங்க: இருட்டு ஓட்டத்துக்கான (எதிரிக்குத் தெரியாம லைட்டை மறைச்சு ஓட்டுற) நிலையில் வெச்சிருந்தா சாதாரண ஹெட்லைட், பிரேக் லைட் வேலை செய்யாது. சேஸிஸில் வெல்டிங் அடிக்கும்போது ரெண்டு பேட்டரி டெர்மினலையும் கழற்றிடுங்க.

குவாரி_பர்கூர்:
ஆர்.சி. விஷயம்? குவாரிக்குள்ள மட்டும் ஓட்டினா தேவையில்லைன்னு சொல்றாங்க.

கணக்கு_29:
அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென மாற்றிய சிறப்பு வகை வண்டிக்குத்தான் சட்டத்தில் விலக்கு. லாரி லாரிதான். குவாரி கேட்டைத் தாண்டிக் கிராமச் சாலையில் 200 மீட்டர் போனாலும் ரோடுதான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடையாது.

ராணுவ வண்டிக்குப் படிவம் 21 விற்பனைச் சான்று உரிய அதிகாரியிடமிருந்து அசலாக வேண்டும். அதில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் வண்டியில் உள்ளதோடு ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. ஏலப் பட்டியலில் அந்த லாட் ஸ்கிராப் என்று போட்டிருந்தால் பதிவுக்கு வழியில்லை, சாமானுக்காக மட்டும் எடுங்கள். டேங்கர் ஆக்குவதோ இன்ஜின் மாற்றுவதோ சட்டப் பிரிவு 52-க்குள் வரும். கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ.வில் முதலில் ஒப்புதல், பிறகு வேலை. தலைகீழாகச் செய்தால் கட்டிய பாடியைப் பிரிக்க வேண்டி வரும்.

சங்ககிரி பாடி:
டிப்பர் இழுக்கிற வேலைக்கு ஒரு சொல். 20 மில்லி கம்பி வடம், இரும்பு மையம் வைத்தது, அறுகிற பாரம் 25 டன் அளவு. வேலைப் பாரம் அதில் ஐந்தில் ஒன்று, 5 டன். தளர்வாக விட்டு ஓடி வந்து வெடுக்கென்று இழுத்தால் அந்த 5 டன் கணக்கு செல்லாது. லோ ரேஞ்ச் முதல் கியரில் வடத்தை விறைப்பாக்கி, பிறகு இழுங்கள். வடத்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆள் நிற்கக் கூடாது. கப்பி போட்டு மடக்கி இழுத்தால் கப்பியைக் கட்டிய முளைக்கு ரெட்டைப் பாரம். அதை மறந்து மரத்தில் கட்டுகிறார்கள்.

குவாரி_பர்கூர்:
சரி, டபுள் வீல் வேண்டாம். 4000 லிட்டர் டேங்கர், அப்புறம் கம்ப்ரஸர் இழுவை. வண்டியில் இருக்கிற டயரில் கட்டை (தரையைப் பிடிக்கிற மேடு) நல்லா இருக்கு, அப்படியே ஓட்டலாமா?

தொப்பூர்_இறக்கம்:
பக்கச் சுவரில் நாலு இலக்க எண் பாருங்க. 2316-ன்னு இருந்தா 2016-ம் வருஷம் 23-வது வாரம். பத்து வருஷம் தாண்டினது கட்டை எவ்வளவு இருந்தாலும் தண்ணி டேங்கருக்கு வேண்டாம், சுவரில் முடி மாதிரி விரிசல் ஓடியிருக்கும். டியூபும் ஃபிளாப்பும் டயரோடயே மாத்துங்க. ரிம்மில் லாக் ரிங் துருப்பிடிச்சிருந்தா கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, பள்ளத்தில் முழுசா உட்காருதான்னு பாருங்க. வளைஞ்ச ரிங்கைத் தட்டி நேராக்கி மாட்டக் கூடாது. காத்து அடிக்கும்போது கூண்டுக்குள்ள வெச்சு, நீள ஹோஸ் போட்டு, ரிங்குக்கு எதிரில் நிக்காம பக்கவாட்டில் நில்லுங்க. கூண்டு இல்லாத கடைன்னா அடுத்த கடைக்குப் போயிடுங்க. வீல் நட்டும் ஸ்பிரிங் யூ போல்ட்டும் லோடோட முதல் 50 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி இறுக்கணும்.